மழை பெய்யாத தனிப்பாடல்

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான பிரெண்டாவுக்கு,

டொரத்தி எழுதுவது. இங்கே நானும் வாலண்டைனும் சுகம். பெர்த் குளிர் உனக்கும் ரயனுக்கும் ஒத்துக்கொண்டதா? போனில் பேசலாமே என்பாய். இருக்கிற குரலில் கோபப்பட்டால் அதுவும் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்துக் கட்டியை எடுத்துவிட்டார்கள். டாக்டர் முன்பே சொன்னதுபோல் பேச்சு வந்துவிட்டது, பாட்டு போய்விட்டது.

இறந்தோருக்காக நாம் பாடிய ரெக்வியம் கச்சேரியின் பதிவு வெளிவந்துவிட்டது. போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் கோவிலில் திருப்பலி முடிந்ததும் போட்டார்கள். மூன்று கோவில் பாடகர் குழுக்களும் அத்தனை வயலின்களும் சேர்ந்து ஒலித்தபோது மெய்சிலிர்த்தது. என் தனிப்பாடல் வந்ததும் குளோரியா ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வானதூதர் பாடுன மாதிரி இருக்கு லா, டொரத்தி" என்று அழுதார். நானும் அழுதேன். ஏனென்றால் அது உன் குரல்.

கச்சேரியன்று நான் வாய் திறந்ததுமே மழை பிடித்துக்கொண்டதே, ஞாபகம் இருக்கிறதா? கூரையில் அப்படி ஓர் இரைச்சல். பதிவில் என் தனிப்பாடல் முடிந்ததும் வரும் கோரஸில் மழை கொட்டுகிறது. நான் பாடும் இடத்தில் மட்டும் சொட்டுக்கூட இல்லை. நல்ல கூத்து!

முந்தைய நாள் ஒத்திகையையும் ரயன் பதிவு செய்தார் என்பது தெரியும். அன்று எனக்கு ஆஸ்பத்திரி. என் இடத்தில் நின்று பாடு என்று உன்னைக் கெஞ்சியதும் நான்தான். குழுவை நடத்திய ரேமண்ட் அண்ணனிடம் கேட்டேன். "மழை சத்தம் ஜாஸ்தி லா" என்றார். கோரஸில் மட்டும் மழை எப்படி என்றதும் தலையைச் சொறிந்தார். "உன் குரல் ரெண்டு இடத்துல உடைஞ்சிருச்சிமா. பிரெண்டாகிட்ட கேட்டுட்டுத்தான் மாத்துனோம்" என்றார். என் பெயரை அப்படியே விட்டது எனக்குச் செய்த மரியாதையாம்.

உன்னைக் கேட்டார்களாம், நீ சரி என்றாயாம். ரேமண்டுக்கும் ரயனுக்கும் என் கட்டி பற்றித் தெரியாது. நான் பாடப்போவது அதுதான் கடைசி என்று உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். துரோகம் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் வேறு சொல் கிடைக்கவில்லை, பிரெண்டா.

நீ அழகாகத்தான் பாடியிருக்கிறாய். அதையும் சொல்லிவிடுகிறேன். கோவிலில் எல்லாரும் பாராட்ட, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். வாலண்டைன் தினமும் காலையில், பெண்டாட்டியின் குரல் என்று நம்பி, அதைப் போட்டுக் கேட்கிறார். அவருக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை. அவரிடம் எப்படிச் சொல்வேன்?

கச்சேரி நாளில் எடுத்தது ரயனிடம் இருக்கும். உடைந்த இடங்களோடு அப்படியே அனுப்பச் சொல். எதையும் திருத்த வேண்டாம். ஒருவேளை அழித்துவிட்டிருந்தால், தயவுசெய்து பதில் எழுதாதே. வரும் வரும் என்று நான் காத்துக்கொண்டாவது இருக்கிறேன்.

ஆண்டவர் உன் குரலை உனக்கு நெடுநாள் விட்டுவைக்கட்டும்.

இப்படிக்கு,
டொரத்தி