பின்படியில் நின்றவள் எழுதுவது

என் செல்லாயிக் குட்டிக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு எழுத்து கோணல்தான், தெரியுமே உனக்கு. ஒரு வரி எழுதப் பாதிப் பகல் போகிறது. ஆனாலும் உன் திதியன்று இந்த லயத்து வரிசைவீட்டு ஆட்கள் எல்லார் முன்னாலும் இதை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்கட்டும்.

நீ பங்களாவில் ஆயா. நான் மலையில் கோப்பிப் பழம் பறிக்கிறவள். நம்ம துரைசாணி ஸ்பெயின் தேசத்துக்காரர். தன் பேச்சைப் பேச இந்த மடுல்கெல்ல மலையில் ஆளில்லாமல் உனக்குக் கற்றுத் தந்தார். நீ பழம் உரிக்கிற கொட்டகைக்கு ஓடிவந்து அதையெல்லாம் என் காதில் கொட்டுவாய்.

"அக்கா, 'அப்லாரோன்'னா பேசினாங்க. பழத்துத் தோலை உரிக்கிற மாதிரி 'ரோன்'ஐ உரிச்சுப் போட்டுட்டு 'ரா' வை. அப்லாரா."

"வச்சா என்னவாம்?"

"நடந்த பேச்சு இல்லைன்னு ஆயிடும். பேசினா நல்லாருக்குமே, பேசக்கூடாதா, அந்த மாதிரி ஏங்குற பேச்சு. கோமியேரோன், சாப்பிட்டாங்க. கோமியேரா?"

"சாப்பாட்டுக்கே வழியக் காணோம், உனக்கு ரா ஒரு கேடாடி?"

"பேருதான் பேச்சி. வாயில பேச்சே கிடையாது" என்று கங்காணிக்குக் கேட்கும்படி சிரித்தாய். ஒழுங்கான சொல்லுக்கெல்லாம் இதே வேலைதான், முரண்டு பிடிக்கிற சொல்லை அப்புறம் சொல்லித் தருகிறேன் என்றாய். எப்போது, செல்லாயி?

காய்ச்சலில் நீ சுருண்டு கிடந்த மூன்றாம் நாள். துரை கண்டிக்குப் போயிருந்தார். "துரைசாணிகிட்ட காய்ச்சல் மருந்து, கொயினா இருக்குக்கா. 'ஸி மெ அயுதாரா'ன்னு கேளு. எனக்கு உதவி பண்ணினீங்கன்னா... அவங்க பேச்சிலேயே கேட்டா உடனே எடுத்துத் தருவாங்க" என்றாய். உன் உதடு வெடித்திருந்தது.

பங்களாவுக்குப் போனேன். சமையல்கட்டிலிருந்த குசினிக்காரன் பின்படியைக் காட்டினான். "லயத்து ஆளு கூப்பிடப்படாது. அவங்களா பார்த்துக் கேட்கிறவரைக்கும் நில்லு" என்றான். அதுதானே வழக்கம். நின்றேன். அயுதாரோன், அயுதாரா என்று வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டு நின்றேன். துரைசாணி இரண்டு தடவை உள்ளே நடந்து போனார். பாவாடை உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. நான் இருமக்கூட இல்லை.

உச்சிவெயில் சாய்ந்த பிறகுதான் அவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார். ரா எல்லாம் பறந்துபோய்விட்டது. "செல்லாயி" என்றேன், அவ்வளவுதான். மருந்தை எடுத்துக்கொண்டு அவரும் என்கூட ஓடி வந்தார். உன் உடம்பில் உயிர் இருக்கவில்லை.

லயத்துச் சேற்றில் அப்படியே உட்கார்ந்து "ஒஹலா பிபியேரா" என்றார். பிபியேரோன், உயிரோடு இருந்தார்கள். ரோன் உரிந்து கிடந்தது. இவள் உயிரோடு இருக்கக்கூடாதா என்கிறார். யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. போனவளை நினைத்து ஏங்கவும் அதே பேச்சுதான் என்று நீ ஏன்டி எனக்குச் சொல்லித் தரவில்லை?

பிறகு என்னைப் பார்த்து, உடைந்த தமிழில், "ஏன் கூப்பிடல?" என்றார்.

இங்கே கோப்பி இலையெல்லாம் நோய் பிடித்து மஞ்சள் பொடி பூத்து உதிர்கிறது. செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்தக் குழியிலேயே கொயினாப் பட்டை எடுக்கிற மரக்கன்று நடச் சொல்கிறார்கள். நான்தான் நடுகிறேன். கன்றைக் குழியில் இறக்கும்போதெல்லாம் பின்னால் யாரோ "நில்லு" என்கிற மாதிரி இருக்கிறது. துரைசாணி இன்னும் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அப்படியே நின்றுவிடுகிறாராம். பின்படியைத் தாண்டும்போது எனக்கு முன்னால் ஒருத்தி அங்கே நிற்கிறாள். அது நீயா, நானா?

லயத்து ஆட்களே, நீங்களும் கேளுங்கள். இனி எந்த வீட்டில் காய்ச்சல் வந்தாலும் என்னிடம் சொல்லுங்கள். நான் முன்வாசல் படியில்தான் ஏறுவேன். ரோனும் வேண்டாம், ராவும் வேண்டாம். நம் தமிழில், இந்தத் தொண்டை கிழிய, "துரைசாணி அம்மா, வெளிய வாங்க!" என்று கத்துவேன். வேலை போனாலும் போகட்டும்.

உனக்காகக் கத்தாத வாயால் சத்தியம் செய்கிறேன், குட்டி.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த அக்கா,
பேச்சி