சிவப்பில் தீட்டிய சமையல்கட்டு

நேற்று உன் பழைய வீட்டின் திறப்பு விழாவில் என் முதுகெல்லாம் வெள்ளையாகிவிட்டது. தீபாவளிக்கு எடுத்த கறுப்புச் சட்டை. பெரிய மனுஷன் மாதிரி சுவரில் சாய்ந்து நின்றேன், சுண்ணாம்பு அப்படியே ஒட்டிக்கொண்டது. யாரோ ஒரு அம்மா தட்டிவிடப்போய் இன்னும் பரவியது. "பழைய முறைச் சுண்ணாம்புப்பா, சாயக்கூடாது" என்றாள் என் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு. நீ இருந்தபோது அங்கே நீலப் பெயிண்ட். யாரும் சாயலாம்.

பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் படிப்பில் அவள் மாஸ்டர்ஸ் சேர்ந்தபோது, மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அதைச் சொல்லாத கோப்பிக்கடை ஜார்ஜ் டவுனில் இல்லை. அளந்து வரைய, கீழே கடையும் மேலே வீடுமாக ஒரு பழைய கடைவீடு வேண்டும் என்றாள். நீ வாடகைக்கு இருந்த வீட்டுக்குக் கூட்டிவந்தேன். எதற்கு என்றுகூட நீ கேட்கவில்லை. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவளோடு அறை அறையாக நடந்தாய். நான் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன், அதாவது உன் பிஸ்கட்டைத் தின்றேன்.

பல்கலைக்கழகத்தில் அவள் படங்களை மாட்டி விளக்கிய அன்று, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி வந்தாய். பழைய சுவர், ஓடு, மரப்படி எல்லாம் கறுப்பில். முற்றத்தைத் தகரத்தால் மூடி நீ போட்ட சமையல்கட்டு, உன் சம்சாரத்துக்காகக் கட்டிய சாமி மேடை, பிள்ளைகள் வளர்ந்ததும் பலகையால் அடைத்த அறை, எல்லாம் சிவப்பில்.

"சிவப்பு என்னம்மா?"

"பிறகு சேர்த்தது, மாமா. எடுத்துட்டாத்தான் வீடு பழையபடி வரும்."

படத்துச் சமையல்கட்டின் மேல் விரலை வைத்தாய். "நானும் பிறகு வந்தவன்தானேம்மா. என்னையும் சிவப்புலே போட்டுடு லா."

மண்டபமே சிரித்தது. என் சத்தம்தான் அதிகம்.

வீட்டு முதலாளி அந்தப் படங்களைக் கேட்டார். பூரித்துப்போய்க் கொடுத்தாள். அவருக்குப் பிடித்துவிட்டது. வீட்டை ஹோட்டலாக்கும் வேலையை அவளிடம் கொடுத்தார், உனக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார். உனக்காகப் பேசிப் பார்த்தாள், நடக்கவில்லை. வேலையை அவள் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

உன்னைப் பார்க்க வந்தபோது, ஊரைத் தாண்டி சிம்பாங் அம்பாட்டில் உன் மகன் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். சமையல்கட்டை உடைச்சுட்டாங்களா என்று கேட்டாய். உடைத்தாகிவிட்டது, மீன்குளம் கட்டுகிறார்கள் என்றேன்.

"மீனுக்கு வாடகை எவ்வளவுன்னு கேட்டுட்டு வா."

சிரித்தாய், இருமினாய், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். குளத்தில் தண்ணீர் விடுவதற்கு முன்பே போய்விட்டாய்.

நேற்று கூட்டம் கலைந்தபின் மகளும் நானும் அந்த முற்றத்தில் நின்றோம். தகரம் இல்லை. பட்டப்பகலிலும் நீ லைட் போட்டுச் சமைத்த இடத்தில், வெயில் நேராக இறங்கித் தண்ணீரில் கிடந்தது.

"எப்படிப்பா இருக்கு?" என்றாள்.

"மாமா பார்த்திருக்கணும்" என்றேன். அவள் அழுதுவிட்டாள்.

அவளிடம் சொல்லாததை உன்னிடம் மட்டும் எழுதுகிறேன். நீ இருந்தவரை இந்த வீடு இவ்வளவு அழகாக இருந்ததில்லைடா.