மூன்று மாத முடிக்கு ஒரு தலைக் கூலி

அனுப்புநர்:
சலூன்காரர்,
கடை எண் 9 (மாடிப்படிக்கு அடியில்),
நகராட்சி வணிக வளாகம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: விலைவாசி உயர்வால் ஊரார் முடி வெட்டுவதைத் தள்ளிப்போடுவது – கடை வாடகையை இருமடங்காக்கியதை மறுபரிசீலனை செய்ய வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்படி கடையில் பல வருடங்களாகத் தொழில் செய்கிறேன். வாடகை பாக்கி வைத்தவனல்ல. இருந்தும், அடுத்த மாதம் முதல் வாடகை இருமடங்கு என்றும், கட்டத் தவறினால் கடைக்கு முத்திரை வைக்கப்படும் என்றும் தங்கள் ஊழியர் ஓர் அறிவிப்பை ஒட்டிச் சென்றார். ஒட்டியது என் முகம் பார்க்கும் கண்ணாடியில். அரசாங்கக் காகிதத்தைக் கிழிக்கப் பயந்து விட்டுவைத்திருக்கிறேன். உட்காருகிறவர்கள் தங்கள் முகத்துக்குப் பதில் அதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்லிப் போகிறார்கள்.

1. பிளேடு, சோப்பு, மின்சாரம் எல்லாம் ஏறியதால் நானும் வேறு வழியின்றிக் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். அன்றே ஊராருக்கு முடி வளர்க்கும் ஆசை வந்துவிட்டது. மாதாமாதம் வந்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். வந்ததும், "நல்லா ஒட்ட வெட்டுங்கண்ணே, மூணு மாசம் தாங்கணும்" என்கிறார்கள். நான் என்ன சுவருக்கா வெள்ளையடிக்கிறேன்? மூன்று மாதக் காட்டை அழிப்பதற்குள் கத்தரிக்கோல் மழுங்குகிறது, தோள்பட்டை கழன்றுபோகிறது. கூலி மட்டும் ஒரு தலைக்கு உள்ளதே.

2. சிலர் அதற்கும் வருவதில்லை. வீட்டிலேயே, பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்கிறார்கள். கோணலானதும் தொப்பியோடு வந்து, சரி பண்ணினால் போதும், பாதிக் காசுதான் என்று பேரம் பேசுகிறார்கள். இந்தப் பக்கம் குறைத்தால் அந்தப் பக்கம் தூக்குகிறது. அந்தப் பக்கம் குறைத்தால் இந்தப் பக்கம். குரங்கு ரொட்டி பங்கிட்ட கதையாகக் கடைசியில் மொட்டையில் முடிகிறது. மொட்டையைப் பார்த்தபின் எவரும் அந்தப் பாதிக் காசையும் தருவதில்லை.

3. இரண்டாவது நாற்காலியில் என் மைத்துனர் வேலை செய்தார். கூலி உயர்த்தித் தரக் கேட்டார். கேட்டது நியாயம்தான், அவர் வீட்டுப் பால் விலை என்னைக் கேட்டுக்கொண்டா ஏறுகிறது? என்னால் கொடுக்க முடியவில்லை. பிசிறில்லாமல் மீசை ஒதுக்கும் அந்தக் கை இப்போது ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறது. தம்பி போன நாள் முதல் என் மனைவி என்னிடம் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்கிறார். அந்தக் காலி நாற்காலியை இன்னும் தினமும் துடைத்து வைக்கிறேன், ஐயா.

4. இதையெல்லாம் நேரில் கொட்டித் தீர்ப்பதென்று சென்ற வாரம் தங்கள் குறைதீர் கூட்டத்துக்குக் கோபத்தோடு வந்தேன். என் முறை வரவில்லை. ஆனால் தாங்கள் குனிந்து மனுக்களில் கையெழுத்திட்டபோது தங்கள் தலையைப் பார்த்தேன். தவறாக எண்ணக்கூடாது, தொழில் புத்தி. வலது காதுக்கு மேல் மூன்று படிகள். பின்கழுத்தில் ஒரு பிறை. அது எந்தக் கடையிலும் வெட்டியதல்ல, தங்கள் வீட்டு அம்மையார் கைவேலை. ஆணையர் வீட்டிலும் இதே பாடுதானா என்று நினைத்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

ஆகவே, பழைய வாடகையிலேயே தொழிலைத் தொடர ஆணையிடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கூடுதல் வாடகைக்கு எப்படியாவது புரட்ட நினைத்த பணத்தை மைத்துனர் கூலியில் சேர்த்து அவரைத் திரும்ப அழைத்துக்கொள்வேன். வீட்டிலும் சுவருக்கு ஓய்வு கிடைக்கும்.

தங்கள் தலையைச் சரிசெய்து தரவும் காத்திருக்கிறேன். இலவசம் என்றால் லஞ்சமாகிவிடும் என்பதால் பாதிக் காசு. மொட்டையில் முடியாது, அதற்கு நான் பொறுப்பு.

முத்திரைதான் வைப்பது என்று முடிவானால், தயவுசெய்து அதற்கு முந்தைய நாள் வந்துவிடுங்கள். அந்தப் பிறையோடு தங்களை விட்டுவிட்டுக் கடையைச் சாத்த எனக்கு மனம் வராது.

இடம்: கடை எண் 9, இரண்டாவது நாற்காலி
தேதி: மாதக் கடைசி

தங்கள் பதிலையும் தலையையும் எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
மாடிப்படிச் சலூன்காரர்