நானூற்றுப் பன்னிரண்டு ஆங்கில வரிகள்

அன்புள்ள பாப்புவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் நாலாவது ஆளாகத் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்ப ஆசை, ஆனால் நீ மெயில் அனுப்பியிருந்த நேரத்தைப் பார்த்தால் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. உன் தம்பி டிரைவிங் டெஸ்டில் மூன்றாவது தடவையும் கோட்டை விட்டான், வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னால் பின்னால் பார்க்க வேண்டும் என்ற ஒரு விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் அவனுக்கு அத்துப்படியாம். சமையலறைக் குழாய்க்கு பிளம்பர் இரண்டு தடவை வந்துபோனார், போன தடவை சொட்டியது இப்போது ஒழுகுகிறது. அம்மாவின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புது மெஷின் வந்திருக்கிறது, அம்மா அதை நம்புவதில்லை, சந்தேகமான முடிவுகளை இன்னமும் மைக்ரோஸ்கோப்பில் தானே ஒருமுறை பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறாள். மாடியில் குடியிருக்கும் கண் டாக்டர் வீடு மாற்றப் போகிறார், போகும்போது பெரிய புத்தக அலமாரியை நமக்குத் தருவதாகச் சொன்னார், அதை எங்கே வைப்பது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை.

சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். முப்பத்தொரு வருடம் எனக்குச் சம்பளம் கொடுத்ததே அதற்குத்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வருகிற புகார்க் கடிதங்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுதும் பிரிவில், படித்து முடித்தவருக்குக் கோபமும் வராது, விஷயமும் புரியாது என்கிற அளவில் எழுதத் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர். ஆபீசில் யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டிராஃப்ட் சார்தான். அந்த வேலையை உன்னிடம் இன்று காட்டப்போவதில்லை. உன் மெயிலை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் திருப்பிச் சொல்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லு. பாலங்களைப் பற்றிய உன் ஆராய்ச்சிக் கட்டுரையின் இரண்டாவது அத்தியாயத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சோதித்தபோது, அதில் மூன்று வாக்கியங்கள் பதினேழு வருடம் முந்திய பத்திரிகையின் தலையங்கப் பக்கக் கட்டுரைகளில் அப்படியே இருப்பதாகத் தெரிந்திருக்கிறது. இவை என் அப்பா எழுதியவை, சின்ன வயதிலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்தவை, அதனால் யோசிக்காமல் வந்துவிட்டன என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். பல்கலைக்கழகத்தார் பழைய இதழைத் தேடி எடுத்துக் காட்டியிருக்கிறார்கள், அதில் வேறு ஒருவர் பெயர் இருக்கிறது. எழுத்தைத் திருடியது ஒன்று, அதை மறைக்க அப்பாவை இழுத்தது இன்னொன்று என்று உன் தப்பு இப்போது இரண்டாகிவிட்டது. பத்தொன்பதாம் தேதி விசாரணைக் குழு முன்னால் நீ உட்கார வேண்டும், அவர்கள் நம்பவில்லை என்றால் ஐந்து வருட வேலையும் போய்ப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில் தமிழில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். அப்பா, அந்தக் காலத்துல நீங்க பத்திரிகைக்கு வேற பேர்ல ஏதாவது எழுதினீங்களா என்று. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் முதலில் அப்பன் மேல்தான் வரும். உனக்கு அந்தப் பத்திரிகை மேல் வந்திருக்கிறது.

பதில் சொல்கிறேன். எழுதவில்லை. எந்தப் பெயரிலும் எழுதவில்லை. அந்த மூன்று வரிகள் மட்டுமில்லை, சின்ன வயதில் உனக்கு நான் எழுதிவைத்த நோட்டில் இருக்கிற நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. ஆபீசுக்கு நாலு இங்கிலீஷ் பேப்பர் வரும், சாயங்காலம் பியூன் அவற்றைக் கட்டிப் போடுவதற்கு முன்னால் தலையங்கப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொள்வேன். நன்றாக இருக்கிற ஒரு வாக்கியத்தைப் பொறுக்கி, நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மேலே எழுதி, கீழே மூன்று கோடு போட்டு வைப்பேன். நீ காலையில் சாப்பிடும்போது அதை மூன்று தடவை எழுதி, பஸ் வருவதற்குள் பார்க்காமல் சொல்ல வேண்டும். இது உனக்கே தெரியும். உனக்குத் தெரியாத பாதி என்னவென்றால், என் ஆபீஸ் இங்கிலீஷும் அந்தத் துண்டுகளை ஒட்டிப் போட்டதுதான். மேனேஜர் என் கடிதங்களைப் பார்த்து உங்க இங்கிலீஷே தனி சார் என்பார், நான் தலையைக் குனிந்துகொள்வேன், அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். உனக்குப் பதின்மூன்று வயது, எட்டாவதோ ஒன்பதாவதோ. பாலம் விழுகிற நாளில் விழுவதில்லை, அதன் அடியில் யாரும் குனிந்து பார்க்காத வருடங்களில்தான் விழுகிறது என்று அர்த்தம் வருகிற அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தவள், கையில் பாதி பிரெட்டோடு நிமிர்ந்து, இதை யாருப்பா எழுதினது என்று கேட்டாய். நான்தான் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. நீ என்னைப் பார்த்தாய் பார், அப்படி என்னை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை, ஆபீசிலும் இல்லை, உன் அம்மாவும் இல்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை, எல்லாமே அப்பா எழுதியது என்று வைத்துக்கொண்டாய், நானும் அப்படியே விட்டுவிட்டேன். நீ பாலங்களைப் படிக்கப் போகிறேன் என்று கிளம்பியபோதுகூட, அது அந்த வாக்கியத்தால்தானோ என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. பெருமையின் அடியில் பயமும் இருந்தது, அதை நான் குனிந்து பார்க்கவில்லை. பார், இந்த வரியைக்கூட அங்கேயிருந்துதான் எடுக்கிறேன்.

நேற்று முன்தினம் வரை இப்படி எழுதுகிற எண்ணம் எனக்கு இல்லை. உனக்காக ஒரு விளக்கக் கடிதம் இங்கிலீஷில் தயார் செய்தேன், மூன்று பக்கம், அச்சில் வந்தால் ஜட்ஜே எழுந்து நிற்பார். நீ கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று அதில் நான் எழுதவில்லை. ஆமாம் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை என்கிற மாதிரி, அந்த வருடங்களில் பத்திரிகைகளோடு எனக்கு இருந்த நீண்டகாலத் தொடர்பு என்று ஒரு வார்த்தை போட்டிருந்தேன். தொடர்பு இருந்தது உண்மைதான், கத்தரிக்கோல் வழியாக. அந்தப் பத்திரிகை மூடிப் பத்து வருடமாகிறது, அதன் ஆசிரியரும் உயிரோடு இல்லை, போய் யார் கேட்கப்போகிறார்கள் என்றுகூட நினைத்தேன். அம்மா டூட்டி முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தாள். இதுல ஆமான்னு சொல்றீங்களா, இல்லைன்னு சொல்றீங்களா என்றாள். ரெண்டும் இல்ல என்றேன். அப்புறம் எதுக்கு மூணு பக்கம் என்றாள். என் ரிப்போர்ட்டை இப்படி எழுதினா நோயாளி செத்தே போயிடுவான், அவ கேட்டது ஒரு கேள்வி, அதுக்கு ஒரு வார்த்தையில பதில் இருக்கு என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். நான்தான் என்று அன்று நான் சொன்னது அம்மாவுக்கு அதுவரை தெரியாது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை, பாவம் அவ என்று மட்டும் சொன்னாள். அதற்குத் திட்டே பரவாயில்லை.

இந்தக் கடிதத்தோடு கூரியரில் நோட்டு வருகிறது, பச்சை அட்டை, முதுகில் பசைத்துணி ஒட்டியது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி இருக்கிறது, ஆபீஸ் பழக்கம். அந்த மூன்று வரிகள் இருக்கிற பக்கங்களில் சீட்டு வைத்திருக்கிறேன், அவர்கள் காட்டிய இதழின் தேதிக்கு இரண்டு நாள் மூன்று நாள் தள்ளி இருக்கும். என் கையெழுத்துக்குக் கீழே உன் கையெழுத்து மூன்று தடவை இருக்கிறது, பதின்மூன்று வயதுக் கையெழுத்து, அதை இப்போது உட்கார்ந்து யாராலும் உருவாக்க முடியாது. எங்கிருந்து எடுத்தது என்று ஒரு பக்கத்திலும் நான் குறிக்கவில்லை, அதையும் அவர்கள் பார்க்கட்டும். கடைசிப் பக்கத்தில் இதெல்லாம் என் கையெழுத்துதான் என்று எழுதிக் கையொப்பம் போட்டிருக்கிறேன், என் ஆபீஸ் நாட்களின் பழைய கடிதம் ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிறேன்.

இங்கிலீஷ் விஷயத்தில் எனக்கு இனி உனக்குச் சொல்லத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. நீ ஆரம்பக்காரி இல்லை, உன் வாக்கியத்தில் தப்பு கண்டுபிடிக்க வேண்டுமென்றால் பூதக்கண்ணாடி வேண்டும். உன் சிக்கல் அதற்கு மேலே இருக்கிறது, அதைப் பாடப்புத்தகம் தீர்க்காது. நீ மெயிலோடு அனுப்பியிருந்த அந்த அத்தியாயம் முழுக்க நான் படித்தேன், அகராதியோடு இரண்டு நாள். பாலத்துக்கு அடியில் டார்ச்சோடு தவழ்ந்துபோய், துருப்பிடித்த போல்ட்டை விரலால் தொட்டதும் அது உதிர்ந்தது என்று நாலாவது பக்கத்தில் எழுதியிருக்கிறாய், சின்னச் சின்ன வாக்கியம், அலங்காரம் ஒன்றும் இல்லை. உன் பேராசிரியரும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில்தான் ரொம்ப நன்று என்று எழுதியிருக்கிறார், நீ கவனித்தாயா தெரியவில்லை. மற்ற பக்கங்களில் நீ இல்லை, நான் இருக்கிறேன், எனக்குப் பின்னால் அந்தத் தலையங்கக்காரர்கள் இருக்கிறார்கள். இனி எழுதும்போது உனக்கே கைதட்டத் தோன்றுகிற வாக்கியம் வந்தால் அங்கேயே நில், இது எங்கிருந்து வந்தது என்று கேள், இடம் தெரிந்தால் எழுதினவர் பெயரைப் போடு, தெரியாவிட்டால் அடித்துவிட்டு அதே விஷயத்தை உன் தம்பிக்குப் போனில் சொல்கிற மாதிரி சொல்லிப் பார்த்து, அதை எழுது. அவனுக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும். முதல் பாராவை எழுதி முடித்ததும் எடுத்துவிட்டுப் பார், என்னுடைய கடிதங்களில் முதல் பாராவை எடுத்தால் ஒன்றும் குறையாது, இதிலும் அப்படித்தான். எழுதியதை வாய்விட்டுப் படி, மூச்சு முட்டினால் வாக்கியத்தை உடை. ஒரு வாரத்துக்குத் தலையங்கம் படிக்காதே. மெஷினோடு பெட்டியில் வருகிற விளக்கக் காகிதத்தைப் படி, எழுதினவன் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் வேலையைக் காட்டியிருப்பான்.

குழுவுக்குக் கொடுக்க வேண்டிய விளக்கத்தை நான் எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தையே அவர்களிடம் கொடு, ஆனால் மொழிபெயர்ப்பு நிலையத்தில் கொடுக்காதே, நீயே இங்கிலீஷில் ஆக்கு, தமிழ் மூலத்தைப் பக்கத்தில் வை, வேண்டுமென்றால் அவர்கள் யாரையாவது வைத்துச் சரிபார்த்துக்கொள்ளட்டும். நான்தான் எழுதினேன் என்று உன்னிடம் சொன்ன இடம் வரும்போது உன் கை என்ன எழுதும் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, நினைவு பிசகியிருக்கலாம், தவறான புரிதலுக்கு இடமாகிவிட்டது என்றெல்லாம் எழுதும். அது நான் பழக்கிய கை. அந்த இடத்தில் மட்டும் அதற்கு இடம் கொடுக்காதே. என் அப்பா என்னிடம் பொய் சொன்னார், நான் நம்பினேன் என்று எழுது. இங்கிலீஷில் அதற்கு எட்டு வார்த்தைக்கு மேல் ஆகாது. ஒன்பதாவது வார்த்தையை எனக்காகச் சேர்க்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள், அன்று காலையில் வெறும் வயிற்றோடு போய் உட்காராதே. எது நடந்தாலும் உன் தலை நிமிர்ந்து இருக்கட்டும், அதற்கு உனக்கு எல்லா உரிமையும் உண்டு. அம்மா சாமி கும்பிடுகிறவள் இல்லை, இருந்தாலும் பத்தொன்பதாம் தேதி லீவு போட்டிருக்கிறாள், கேட்டால் முழங்காலுக்கு என்கிறாள். கூரியர் வந்ததும் நோட்டில் ஈரம் படவில்லையா என்று பார்த்துக்கொள். முடிவு தெரிந்ததும் முதலில் அம்மாவிடம் பேசு. என்னோடு பேச வேண்டும் என்று உனக்குத் தோன்றும்போது பேசலாம், அதற்கு நாளாகும், ஆகட்டும். போன் அடிக்கும்போதெல்லாம் நானே போய் எடுப்பதை விட்டுவிட்டேன், உன் தம்பி எடுக்கிறான்.

ஆசிகளோடு,
உன் அப்பா