படம் பாதியில் நின்ற மதியம்

தம்பிக்கு,

நீ அனுப்பிய டேப்லெட் நன்றாகத்தான் இருக்கிறது. இன்று எனக்குக் கடை லீவு. அப்பாவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, அதில் ஒரு படம் போட்டேன். கப்பல் வேலைக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் தகப்பன் கதை. அப்பா கண்கொட்டாமல் பார்த்தார். எனக்கும் உடம்பு அலுப்பு கொஞ்சம் மறந்தது.

மகன் ஊருக்கு ரயிலேறும் நேரத்தில் திரை கறுத்துவிட்டது. நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அப்டேட் தானாகத் தொடங்கிவிட்டது. முப்பது சதவீதத்திலேயே ஒரு மணி நேரம் நின்றது. அப்பாவுக்கு மருந்து கொடுத்து, படுக்கை விரிப்பை மாற்றி, துணியெல்லாம் மடித்துவிட்டு வந்து பார்த்தால் முப்பத்தொன்று.

"அவன் வந்துட்டானாம்மா?"

"ரயில் இன்னும் வரலப்பா."

"வந்துருவான். கோவக்காரன்தான், ஆனா வந்துருவான்."

படத்தில் வரும் மகன் கோபக்காரன் இல்லை.

அப்டேட் முடிந்தபோது அப்பா தூங்கிவிட்டார். மீதிப் படத்தைச் சமையலறையில் நின்றபடியே பார்த்தேன். அருமையான படம், அழுது தீர்த்துவிட்டேன். மகன் வந்து சேரும்போது வீடு பூட்டிக் கிடக்கிறது.

அப்பா கண்விழித்ததும் அதையேதான் கேட்டார். "வந்துட்டான்பா" என்றேன். சிரித்தார். ஒரு வாரமாகத் தொடாத பாலை முழுக்கக் குடித்தார்.

"அவன் வர்றத நானும் பாக்கணும்மா, போடு" என்றார்.

மறுபடியும் அப்டேட் ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு நாள் சமாளிப்பேன். அதற்கு மேல் என்னால் முடியாது, தம்பி.

அக்கா