சட்டத்தில் நிற்காத மூலக்கூறு

இன்று காலை பக்கத்துத் தீப்பெட்டிப் பட்டறையில் குச்சிகளை மருந்தில் முக்கியிருக்கிறார்கள். அந்த வாடை வீட்டுக்குள் வந்ததும், சார், உங்களோடு போட்ட சண்டை விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கிவிட்டது.

நூலக மாடியில் நடக்கும் அறிவியல் கூட்டத்தில் அன்று பேசியவள் நான். எட்டாவதோடு படிப்பை விட்டுப் பட்டறைக்குப் போனவள், கண் எரியப் படித்துத் தயாரித்த பேச்சு. ஓர் அயனி மூலக்கூறோடு மோதும்போது எந்தப் பிணைப்பு அறும் என்பதை வெப்பத்தின் போக்கில் விட வேண்டியதில்லை. லேசரின் மின்புலத்தால் ஓரளவு நாமே தீர்மானிக்கலாம் என்றேன்.

"நாங்க பட்டறையில மரச்சட்டத்துல குச்சி அடுக்குத மாதிரி, லேசர் மூலக்கூறுகளை ஒரே வாக்குல வரிசையா நிறுத்தும். அயனி வந்து தலையில மோதும்."

கல்லூரியில் இயற்பியல் நடத்திய நீங்கள் முன்வரிசையிலிருந்து எழுந்தீர்கள். "நில்லுங்கக்கா. ஒளியோட புலம் இங்கயும் அங்கயும் மாறி மாறி இழுக்கும். வரிசையா நிக்கும், சரி. பாதி தலைகீழால்லா நிக்கும்?"

"முக்குததுக்கு முன்னால குச்சிக்கு ஏது சார் தலை?"

"அதான் சொல்லுதேன். குச்சிக்கு ரெண்டு முனையும் ஒண்ணு. மூலக்கூறுக்கு அப்படி இல்ல."

"பட்டறையிலேயே நின்னுட்டாவ!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கூடம் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை, சிரித்தவர்களை அடக்கவும் இல்லை. மறுப்பை நான் தாங்கிக்கொண்டேன். அந்த மௌனத்தைத்தான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பேச்சைப் பாதியில் விட்டு இறங்கினேன்.

பிறகு உங்களுக்கு நுரையீரல் கெட்டது. உங்கள் வீட்டம்மா தேடி வந்தார். "அவிய மிச்சத்தக் கேக்கணும்னு சொல்லுதாவ. வீட்டுக்கு வாங்கக்கா."

"அந்தக் கூடத்துல வச்சுத்தான் சொல்லுவேன்."

"படியேற அவியளுக்கு மூச்சு வேணுமே!"

நான் அசையவில்லை. கடம்பூர் வீட்டிலிருந்து வாடகைக் காரில், ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்தீர்கள். இரண்டு பேர் நாற்காலியோடு மேலே தூக்கி வந்தார்கள். உங்கள் மூச்சு முடியுமுன் என் பேச்சு முடிய வேண்டுமே என்று அவசரமாகத் தொடங்கினேன். இரட்டிப்பு அதிர்வெண் கொண்ட இன்னொரு ஒளியையும் சேர்த்தால் இழுப்பு ஒருபக்கம் சாயும், தலைகள் திரும்பும் என்றேன்.

முகமூடியை விலக்கினீர்கள். "எல்லாமா திரும்பும்?"

"கொஞ்சம் கூடுதலாத் திரும்பும்."

"மிச்சம்?"

"அடுத்த கூட்டத்துல சொல்லுதேன்."

"என்னை வச்சுக்கிட்டா தவணை கேக்கீங்க?" என்றீர்கள். இந்த முறை கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த கூட்டம் உங்கள் இரங்கல் கூட்டமாயிற்று. உங்களைப் புகழ்ந்து பேசச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன். மூலக்கூறுகளைக் குளிர வைத்தால் மிச்சமும் பெரும்பாலும் திரும்பும் என்பதை மட்டும், காலியாக விட்ட முன்வரிசையைப் பார்த்துச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அது எனக்குப் போதவில்லை. எவ்வளவு குளிர வேண்டும் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொண்டு, இப்போது அதற்கு விடை தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.