துடைத்து வைத்த வால்வுகள்

என் செல்ல நைனா,

முதலில் உன்னோடு சண்டை போட்டுவிடுகிறேன், மற்ற சேதியெல்லாம் அப்புறம். உன் வால்வு ரேடியோக்கள் மூன்றும் பாபுவுக்கு என்று சொல்லிவிட்டுப் போனாயே, உனக்கென்ன புத்தி? தம்பி ஆம்பளைப் பிள்ளை, சரி. அவன் என்றைக்காவது ஒரு ரேடியோவின் முதுகைத் திறந்து பார்த்திருக்கிறானா? நீ ரிப்பேர் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்தவள் நான்தானே?

ஆயுத பூஜைக்கு ஆவடி வீட்டுக்குப் போனேன். நீ ஃபேக்டரியில் இருந்த காலத்தில் ஸ்பேனர் முதல் சைக்கிள் வரை துடைத்துப் பொட்டு வைப்பாயே, உன் மகன் அதை மட்டும் விடவில்லை. மூன்று ரேடியோக்களின் கண்ணாடி வால்வுகளையும் பிடுங்கி, சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஒரே தாம்பாளத்தில் குவித்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தான். கண்ணாடி மேல் அச்சடித்திருந்த நம்பர் ஒன்றுகூட இல்லை, நைனா. எது எந்த ரேடியோவுடையது, எது எந்த இடத்தில் உட்கார வேண்டும், எல்லாம் போச்சு. கத்திவிட்டேன்.

“இன்னாக்கா, இதுக்குப் போய் கத்துற? அழுக்கேறிக் கெடந்துச்சு, தொடச்சேன். பாரு, எப்டி பளிச்சுனு கீது!”

“அதுலதாண்டா நம்பரே இருந்துச்சு! இப்ப எத எங்க சொருகுவ?”

“பொருந்துற ஓட்டைல சொருகினா ஆச்சு. ஒரு தபா போட்டுப் பாப்போம், நைனா ரேடியோ பாடட்டும்.”

கைக்கு வந்ததைப் பெரிய ரேடியோவில் சொருகிவிட்டு, பிளக்கைத் தூக்கிக்கொண்டு சுவிட்ச் பக்கம் போனான். நீ போனதிலிருந்து கரண்டே பார்க்காத ரேடியோ அது. நான் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மெழுகு ஒழுகியிருந்தது, உள்ளே வயரை எலி கடித்திருந்தது. ஒரு வால்வின் உச்சியில் வெள்ளிப் பூச்சு பாலாக வெளுத்திருந்தது. காற்று புகுந்து அது செத்துவிட்டது. இந்த லட்சணத்தில் சுவிட்சைத் தட்டினால் மிச்சமும் எரிந்து போகும்.

“வேணாம்டா” என்றேன். கேட்டால்தானே! வாழைப்பழத் தட்டில் கத்தி இருந்தது. அவன் பிளக்கைச் செருகுவதற்குள் வயரை இழுத்துப் பிடித்து அறுத்துவிட்டேன்.

“நைனா எனக்குத்தான் குடுத்துச்சு!” என்று குதித்தான்.

“குடுத்தது தப்பு” என்றேன். உன் படத்துக்கு முன்னால் நின்றுதான் சொன்னேன். கேட்டதா உனக்கு?

ஆட்டோ பிடித்து மூன்றையும் கொரட்டூரில் என் பிளாட்டுக்கு அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். பாபு இன்னும் பேசவில்லை, பேசாவிட்டால் போகிறான். நேற்று ஒவ்வொரு வால்வின் மேலும் வாயால் ஆவி விட்டுப் பார்த்தேன். சிலவற்றில் நம்பர் மங்கலாக எழும்பியது, பெட்டியின் பின் அட்டையில் எந்த வால்வு எங்கே என்று காட்டி ஒட்டியிருந்த படத்தோடு ஒப்பிட்டுத் தனித்தனியாக வைத்தேன். மற்றவற்றில் எத்தனை ஊதியும் ஒன்றும் தெரியவில்லை. உன்னைத் திட்டிக்கொண்டே அழுதேன். எனக்குக் கொடுக்க உனக்கு ஏன் மனசு வரவில்லை, நைனா?

ஒரு வாக்கு தருகிறேன். நாள்பட்டால் கெட்டுப்போகும் என்பாயே, அந்தக் கண்டென்சர் எல்லாவற்றையும் சோதித்து, கெட்டதை மாற்றும்வரை இதில் கரண்ட் ஏற்ற மாட்டேன். அவனிடம் திருப்பிக் கொடுக்கவும் மாட்டேன், நீயே எழுந்து வந்து கேட்டாலும்.

இப்படிக்கு,
நீ கொடுக்காமலே எடுத்துக்கொண்ட உன் மூத்த மகள்